லென்ஸ் வைத்த பிறகு பார்வை எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரை அறுவைச் சிகிச்சை பற்றிய செய்திகளில் எத்தனை பேருக்கு லென்ஸ் வைக்கப்பட்டது என்ற கணக்கு தவறாமல் வருகிறது. அவர்களில் எத்தனை பேருக்குப் பார்வை தெளிந்தது என்பது வருவதில்லை. லென்ஸ் பவருக்காகக் கண்ணை அளக்கும் வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் இந்தக் குறை என் கண்ணில் உறுத்துகிறது.

1949 நவம்பர் 29 அன்று லண்டனில் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் ஒன்றை மனிதக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததைக் கவனித்ததே அந்தத் துணிச்சலுக்கு அடிப்படை. லென்ஸ் உள்ளே நின்றது. ஆனால் அதன் பவர் மிகுந்துபோனதால் நோயாளிக்குக் கடும் கிட்டப்பார்வை ஏற்பட்டது. அளவுப் பிழை அன்றோடு தீர்ந்துவிடவில்லை. லென்ஸ் பவரைக் கணக்கிடத் தேவையான கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் தவறினால், பார்வையில் ஏறத்தாழ 2.5 டயாப்டர் (பவரின் அலகு) மாறுகிறது. ஒலியலைக் கருவியின் முனையைக் கருவிழியின் மேல் சற்று அழுத்தி வைத்தாலே நீளம் குறைவாகப் பதிவாகி, தேவைக்கு அதிகமான பவருள்ள லென்ஸ் தேர்வாகிவிடும். கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், புரை முற்றிய கண்ணில் ஒளி ஊடுருவாததால் அவை பயன்படாமல் போகின்றன. புரை "பழுக்கட்டும்" என்று காத்திருப்பவர்களிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! முன்பே லேசர் மூலம் கண்ணாடியைத் தவிர்த்தவர்களுக்குக் கணக்கு இன்னும் சிக்கலானது. அதை அவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், புரை திரும்ப வளர்ந்துவிட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். அகற்றப்பட்ட புரை மீண்டும் வளராது. லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சவ்வு மங்குவதே பெரும்பாலும் காரணம். யாக் லேசரால் சில நிமிடங்களில் அதில் வழி திறந்துவிடலாம். அப்படியும் தெளியாவிட்டால் விழித்திரையை ஆராய வேண்டும்.

கண்புரைச் சிகிச்சை தேவைப்படுவோரில் எத்தனை பேர் அதைப் பெற்று நல்ல பார்வையும் அடைந்தார்கள் என்பதையே அளவுகோலாக வைத்து, 2030க்குள் அந்த விகிதத்தை 30 சதவீதப் புள்ளிகள் உயர்த்த வேண்டுமென 2021இல் உலக சுகாதாரப் பேரவை இலக்கு வகுத்தது. எனவே மருத்துவமனைகள் சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்த பார்வை அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும். எண்ணிக்கையை அச்சிடும் தாங்களும் அதைக் கேட்டு வாங்கி அச்சிட வேண்டும். வைக்கப்போகும் லென்ஸ் தூரப் பார்வைக்கா, வாசிப்புக்கா என்பதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லி, லென்ஸின் பவரை எழுதிய அட்டையையும் பின்னர் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த கண்ணை அளக்க உட்காருபவருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் பரிசோதகர் ஒருவர்