செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சுனாமியின் இருபதாம் ஆண்டும் நம் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பஞ்சாயத்தார்களே, மகளிர் குழுத் தாய்மார்களே, சங்கத்தின் மூத்த, இளைய உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் பொதுக்குழுவைக் கூட்டுவது நம் வழக்கம். கடலுக்குப் போகிறவர்களும் ஊரில் இருப்பதால் இன்று கூட்டம் நிறைந்திருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாலை டியூஷன், ரத்ததான முகாம், பொங்கல் விளையாட்டு மூன்றும் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. கபடியில் இந்த ஆண்டும் தெற்குத் தெருதான் வென்றது. அதைச் சொல்லாமல் விட்டால் கூட்டம் முடிந்ததும் என்னை விடமாட்டார்கள்.

மற்றபடி இந்த ஆண்டின் உழைப்பு முழுவதையும் ஒரே வேலை எடுத்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றியது அது.

ஆடி மாதச் செயற்குழுவில் இருபதாம் ஆண்டு அஞ்சலியை எப்படி நடத்துவது என்ற பேச்சு வந்தது. பெரிய பந்தல், மெழுகுவத்தி ஊர்வலம், தெருமுனைக்குத் தெருமுனை ஃபிளெக்ஸ் என்று பட்டியல் நீண்டது. அப்போது டியூஷன் எடுக்கும் நம் தங்கை ஒருவர், “முதலில் பிள்ளைகளிடம் நாலு கேள்வி கேட்டுப் பார்ப்போம்” என்றார். கேட்டோம். சுனாமி வந்தால் என்ன செய்வாய் என்றதற்கு ஒன்பதாம் வகுப்புப் பையன், “துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்க, அதைப் பார்த்துட்டு வீட்டுக்குள்ள போய் கதவைச் சாத்திக்குவோம்” என்றான். பக்கத்தில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்குக் கடல் சீற்றம் என்றால் கஜாதான். புயலுக்கு வீட்டுக்குள் இருப்பது சரி. சுனாமிக்குக் கரையோர வீட்டுக்குள் இருந்தால் உயிர் போய்விடும். புயலுக்கு ஏற்றுகிற கூண்டு சுனாமிக்குக் கிடையாது. ஆண்டு தவறாமல் அவர்கள் நம்மோடு வந்து கடலில் பால் ஊற்றியிருக்கிறார்கள், பூ தூவியிருக்கிறார்கள். அந்த நாளில் என்ன நடந்தது என்பதை நாம் அவர்களிடம் சொன்னதே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். தமிழ்நாடு முழுவதும் ஏறக்குறைய 8,000, பதினான்கு நாடுகளிலும் சேர்த்து 2,30,000 பேர் அளவுக்கு. நம் ஊரில் துக்கம் இல்லாத வீடு இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று எல்லோரும் பேசாமலே இருந்துவிட்டோம். இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர், குடும்பக் கட்டுப்பாடு அறுவை ஏற்கெனவே முடிந்திருந்தவர்கள், அரசு உதவியோடு மறு அறுவை செய்துகொண்டு திரும்பவும் பெற்றார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். அக்காவின் பெயரையோ அண்ணனின் பெயரையோ வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் முன்னால் அந்தக் கதையை எடுப்பது எந்தத் தாய்க்கும் எளிதில்லை.

ஆகவே முதலில் தாய்மார்களிடம் போனோம். சிலர் முடியாது என்றார்கள், அத்தோடு விட்டுவிட்டோம். பேச ஒப்புக்கொண்டவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு மகளிர் குழுவே ஒரு கட்டுப்பாடு விதித்தது. இறந்த கதையை முதலில் கேட்கக் கூடாது, இருந்த கதையைக் கேட்க வேண்டும். பையன் என்ன சாப்பிடுவான், பள்ளிக்கூடத்துக்குப் போக எப்படி அடம்பிடிப்பான், எந்தத் தெருவில் பந்து விளையாடுவான். இந்தக் கேள்விகளுடன் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கைப்பேசியில் பதிவு செய்தார்கள். அன்றைய காலை நடந்தது கேட்காமலே பேச்சோடு பேச்சாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கரையில் மீன் ஏலம் எடுக்க நின்ற பெண்கள், மணலில் கிரிக்கெட் ஆடிய பையன்கள், வேளாங்கண்ணிக்கு வந்து அலை பார்க்க இறங்கிய வெளியூர் யாத்ரிகர்கள். அன்று பெண்களும் குழந்தைகளும் ஏன் அதிகம் போனார்கள் என்று பாடப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. அவர்கள் கரையில் இருந்தார்கள், நீச்சல் தெரியாது, இடுப்பில் கைக்குழந்தை, காலைச் சுற்றும் சேலை. ஆழ்கடலில் இருந்த நம் ஆட்கள் ஒன்றையும் உணரவில்லை. திரும்பி வந்தபோது கரையைத்தான் காணவில்லை.

பதிவுகள் சங்கக் கணினியில் இருக்கின்றன. குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. இருபதாம் ஆண்டு என்பதால் டிசம்பரில் கேமராக்கள் நிறைய வந்தன. ஒரு தாயிடம், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை அழச் சொன்னவர்களும் வந்தார்கள். அன்றிலிருந்து நிகழ்ச்சிக்குள் கேமரா வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. விளம்பரம் போய்விட்டதே என்று வருத்தப்படும் உறுப்பினர்களுக்கு என் பதில்: போகட்டும்.

வகுப்புகள் ஐப்பசியில் தொடங்கின. கார்த்திகை நடுவில் ஃபெஞ்சல் புயல் மழையால் சில வாரம் நின்றன. பாடம் சொன்னவர்கள் நம் ஊரிலேயே படித்து ஆசிரியரானவர்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஓட வேண்டிய திசை மட்டும் போதும், உடல்கள் கிடந்த படங்களைக் காட்டவே கூடாது என்று அவர்கள் கறாராக இருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு விரிவாக நடந்தது. காலை 6.29க்குச் சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலநடுக்கம். கடலடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிலம் பிளந்து நகர்ந்தது. அலை ஜெட் விமான வேகத்தில் வந்தும், ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தாண்டி நம் கரையைத் தொட்டபோது ஒன்பது மணி ஆகியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். இதைக் கேட்டதும் ஒரு பெண் எழுந்து, “அவ்வளவு நேரம் இருந்துச்சே, யாருமே சொல்லலையா?” என்றாள். வகுப்பில் இருந்த பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஹைதராபாத்தில் இன்று இயங்கும் மையம் 2007இல்தான் வந்தது.

சொன்ன ஊர் ஒன்று உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். புதுச்சேரி அருகே நல்லவாட்டில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசினார். மீனவர்களுக்கு அலை உயரம் அறிவிக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊர் தப்பியது.

சுமத்ராவை ஒட்டிய சிமலூ தீவின் கதை பிள்ளைகளை அதைவிடக் கவர்ந்தது. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு. ஏறக்குறைய 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். 1907இல் ஒரு பேரலை அந்தத் தீவை அழித்திருக்கிறது. தப்பியவர்கள் அதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு. தொண்ணூற்றேழு ஆண்டுக்குப் பிறகு அது வேலை செய்தது. ஆனால் அந்தப் பாட்டை அப்படியே எடுத்து நாம் பாட முடியாது என்பதை ஆசிரியர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். சுமத்ராவில் நிலம் ஆடினால் நம் ஊரில் ஒரு குவளைத் தண்ணீர்கூட அசையாமல் போகலாம். தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கம் முதலில் வந்ததே மேட்டு அலை. இங்கே கடல் உள்வாங்கியது பல இடங்களில் அலைகளுக்கு நடுவில்தான். முதல் அலை வடிந்ததும் பிள்ளையைத் தேடி, மீனைப் பொறுக்க, வேடிக்கை பார்க்க இறங்கியவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. கடல் வற்றட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருக்கக் கூடாது. அரசு அறிவிக்கும் வரை கரைக்குத் திரும்பவும் கூடாது. இந்த இரண்டையும் பிள்ளைகள் இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி டிசம்பர் 26 நிகழ்ச்சி. வழக்கம்போல் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் இறந்தவர்களின் பெயரைவிட நன்கொடையாளர் முகம் பெரிதாக இருந்ததைப் பலரும் முணுமுணுத்தது நினைவிருக்கும். பிள்ளைகள் பெயர்களை வாசித்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலைத் தயாரிப்பதில் நடந்த சண்டையை இங்கே பதிவு செய்தாக வேண்டும். ஊர்த் தலைக்கட்டில், அதாவது ஊர் வரி கட்டும் குடும்பங்களின் கணக்கில், இருந்தவர்களின் பெயர் மட்டும் போதும் என்று ஒரு தரப்பு சொன்னது. நம் கரையில் ஐஸ் பெட்டி சுமந்தவர்கள், கருவாடு காய வைக்க வந்தவர்கள், உள்ளூர்ச் சேரியிலிருந்து கூடையோடு மீன் வாங்க வந்த பெண்கள் நம் தலைக்கட்டில் இல்லை. நிவாரணம் கொடுத்த நாளிலும் அவர்கள் வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டதை இங்கே பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். இருபது ஆண்டு கழித்துப் பெயர் வாசிப்பதிலும் அதே வரிசையா என்று இளைஞர் அணி கேட்டது. இரண்டு கூட்டம் காரசாரமாகப் போனது. கடைசியில் எல்லாப் பெயரும் அகர வரிசையில் என்று முடிவானது. அவர்கள் குடும்பங்களுக்கு நேரில் போய்ச் சொன்னோம், வந்தார்கள். இதில் மனவருத்தத்தோடு இருக்கும் மூத்தவர்கள் இன்று பேசலாம். முடிவு சரியானது என்பதே என் நிலை.

திதி பார்க்கும் குடும்பங்கள் ஜனவரி 13, மார்கழிப் பௌர்ணமியில் தனியே செய்தார்கள். சங்கம் அன்று தண்ணீர்ப் பந்தலோடு நிறுத்திக்கொண்டது.

மாசியில் நடந்த ஒத்திகையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம் என்று செய்தி வந்ததும் ஊரே ஓடியதும், பைக்குகளும் ஆட்டோக்களும் தெருமுனையில் முட்டிக்கொண்டதும் மறந்திருக்காது. பெரிய அலை வரவில்லை, தப்பித்தோம். ஆகவே இந்த முறை வண்டி கூடாது, நடைதான் என்று வைத்தோம். வேகமாக ஓடும் பையன்களைக் கணக்கில் எடுக்கவில்லை. தடி ஊன்றி நடக்கும் நம் ஆத்தாமார்கள் மேட்டுச் சாலைக்கு எப்போது வந்து சேர்கிறார்கள் என்பதைத்தான் பார்த்தோம். அவர்கள் வந்து சேர்ந்தார்கள், ஆனால் சுற்றுவழியில். சவுக்குத் தோப்பை ஒட்டிய குறுக்குச் சந்து இப்போது மதில் எழுப்பி அடைக்கப்பட்டிருக்கிறது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. உரிய அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. நிலத்துக்காரர் நல்ல மனிதர். நேரில் பேசியதும் மதிலில் ஒரு கதவு வைக்க ஒப்புக்கொண்டார். செலவு நம்முடையது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பவை: மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒலிக்கும்படி பேட்டரியோடு ஒலிபெருக்கி, ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை, அதில் ஒன்று இரவில். ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி ஆகிய இரண்டு மீனவக் கிராமங்கள் சுனாமிக்குத் தயாரான ஊர்கள் என்று யுனெஸ்கோவின் அங்கீகாரத்தை 2020இல் பெற்றன. 2024இல் அந்த மாநிலத்தில் மேலும் பல ஊர்கள் சேர்ந்தன. வரைபடம், வழிகாட்டிப் பலகை, ஒத்திகை என்று பன்னிரண்டு அளவுகோல்கள் கேட்கிறார்கள். அதிகம் இழந்த மாவட்டம் நாம். நாமும் விண்ணப்பிக்க வேண்டும் என்று தீர்மானம் முன்வைக்கிறேன். வழிமொழிய யாராவது எழ வேண்டுகிறேன்.

கதவு விஷயத்தில் ஒன்று மட்டும் பாக்கி. சாவி பஞ்சாயத்தாரிடம் இருக்க வேண்டுமா, சங்கத்திடமா, நிலத்துக்காரரிடமா என்று பேச்சு நடக்கிறது. அந்தக் கதவுக்குப் பூட்டே வேண்டாம், தாழ்ப்பாள் போதும், ஆடு மாடு போகாமல் இருந்தால் சரி என்பது என் கருத்து. கூட்டம் முடிவு சொல்லட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்