வேதாளத்தின் விதி போதும்: சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் எழுதுகிறவர்களுக்கென்று நீங்கள் அறிவித்திருக்கும் சிறுகதைப் போட்டியின் விதிகளைப் படித்தேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மாவட்டம் நாலாகிப் போன பிறகும் எங்களையெல்லாம் ஒரே ஊர்க்காரர்களாக நினைத்துக் கூப்பிட்டதற்கு நன்றி. பக்க அளவு, எழுத்துரு, கடைசித் தேதி எல்லாம் சரி. இடிப்பது ஏழாவது விதி. "கதைக்குத் தெளிவான முடிவு இருக்க வேண்டும். முடிவை வாசகர் ஊகத்துக்கு விடும் கதைகள் பரிசீலிக்கப்பட மாட்டா." அதற்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு விளக்கம் வேறு போட்டிருக்கிறீர்கள். நம்முடையது முடிவுள்ள கதை மரபாம். பாதியில் நிறுத்துவது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கமாம்.

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. போட்டிக்கு வந்த கதைகளைக் கட்டுக்கட்டாகப் படித்தவர்களுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரவு பதினோரு மணிக்குக் கதவு தட்டப்படுகிறது, அவள் எழுந்து போகிறாள், மூன்று புள்ளி. போன் அடிக்கிறது, திரையில் தெரிந்த பெயரைப் பார்த்து அவன் முகம் வெளிறுகிறது, மூன்று புள்ளி. தட்டியது யார், போனில் வந்த பெயர் எது என்பதெல்லாம் எழுதியவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் கதை சப்பென்று போய்விடும் என்பதற்காகக் கையை மூடிக்கொள்கிறார். இந்த மாதிரிக் கதைகளைத் தள்ளுங்கள், நானும் கூட நின்று கை தட்டுகிறேன்.

ஆனால் மரபைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சாட்சி நீங்கள் நினைக்கிறபடி சொல்லாது.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. கூத்துக்குப் பேர்போன புரிசையும் நம் பழைய வட ஆற்காட்டு ஊர்தானே. கடைசி நாள் காலையில் படுகளம். மைதானத்தில் துரியோதனன் மண்ணால் ஆகி மல்லாந்து கிடப்பான், ஓர் ஆள் ஏறி நடக்கிற நீளத்துக்கு. ராத்திரி முழுக்க ஆடிய வேஷக்காரர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் அவிழ்க்காமல், முகத்து அரிதாரம் வேர்வையில் இழுபட, அப்படியே அங்கே வந்துவிடுவார்கள். பீமன் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடித் தொடையில் அடிப்பான். உள்ளே புதைத்து வைத்த கலயம் உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டு அம்மனுக்குக் கூந்தல் முடிப்பார்கள். துகிலுரிந்த நாளிலிருந்து விரித்துப் போட்ட கூந்தல் அது. கூந்தல் முடியும் அந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வரும், அதை எழுதிக் காட்ட எனக்குக் கை போதாது. அன்று சாயங்காலம் தீமிதி, அப்புறம் தருமருக்குப் பட்டாபிஷேகம், காப்பு அவிழ்ப்பு. அவரவர் வீட்டுக்குப் போகலாம்.

இதைவிடத் தெளிவான முடிவு எந்தக் கதைக்கு உண்டு என்று நீங்கள் கேட்கலாம். சரி. ஆனால் பாரதம் அங்கே முடியவில்லையே ஐயா. பட்டாபிஷேகத்துக்கு அப்புறம்தான் யாதவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு சாகிறார்கள். கிருஷ்ணன் வேடன் அம்பு பட்டுப் போகிறான். பாண்டவர்கள் வடக்கே மலையேறப் போய் ஒவ்வொருவராக விழுகிறார்கள், முதலில் விழுகிறவள் திரௌபதி. மஞ்சள் துணி கட்டி, விரதம் இருந்து, அவள் பேரைச் சொல்லி நெருப்பில் இறங்கியவர்களிடம் அதை ஆடிக் காட்டுவீர்களா? எந்த ஊரிலும் ஆட மாட்டார்கள். பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரே 10 பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். 18 பருவத்தையும் பாடி முடிக்க நல்லாப்பிள்ளை வரவேண்டியிருந்தது. கம்பரும் முடிசூட்டோடு சரி. சீதை மறுபடியும் காட்டுக்குப் போகிற உத்தர காண்டம் அவர் பாடியதில்லை, ஒட்டக்கூத்தர் பாடியது என்பார்கள்.

ஆக, ஊர் கூடிக் கேட்ட கதைக்கு, ஊர் எங்கே எழுந்து வீட்டுக்குப் போக வேண்டுமோ அங்கே முடிவு போட்டிருக்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. காப்புக் கட்டினால் அவிழ்க்கத்தான் வேண்டும். அதோடு, அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைக்கும் மேலே என்ன நடக்கும் என்று தெரியும். துரியோதனன் சாவானா என்று யாரும் நகம் கடிப்பதில்லை. தெரிந்த முடிவை எல்லாரும் சேர்ந்து பார்ப்பதற்காகத்தான் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். உங்கள் போட்டிக்கு வரப்போகும் கதையை ஒருவர் தனியாக, மின்விசிறிக்கு அடியில், பஸ்ஸில், பத்து நிமிஷத்தில் படிப்பார். அவர் கையில் காப்பு இல்லை. படுகளத்தின் விதியை அவர்மேல் ஏன் ஏற்ற வேண்டும்?

மரபில் வேறொரு விதி இருக்கிறது, அதை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். வேதாளம் விக்கிரமாதித்தனுக்குப் போட்ட விதி. அதன் ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் நிற்கும். விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் உன் தலை சுக்குநூறாகிவிடும் என்று அது மிரட்டும். ராஜா விடை சொல்வான், அவன் மௌனம் கலையும், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். சின்ன வயதில் எனக்கு அந்தத் தலை வெடிப்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. "விடை தெரிந்தும்" என்கிற நிபந்தனை அப்புறம்தான் கண்ணில் பட்டது.

கடைசிக் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு அப்பாவும் பிள்ளையும் காட்டு வழியில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பாதம் அப்பாவுக்கு, சின்னப் பாதம் பிள்ளைக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சின்னது தாயுடையது. கொடுத்த வாக்குப்படி அப்பா மகளையும் பிள்ளை தாயையும் கட்டிக்கொள்கிறார்கள். இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? ராஜாவுக்குத் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். தலை வெடிக்கவில்லை. வேதாளம் மரமேறவும் இல்லை. மனம் குளிர்ந்து, உன்னை அனுப்பிய சன்னியாசி உன்னையே பலி கொடுக்கப் போகிறான் என்று சொல்லி அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. இத்தனை கதைக்கும் விடை சொன்னவன், விடை தெரியாத ஒரு கதைக்கு வாயை மூடிக்கொண்டதால் பிழைத்தான். இதுவும் நம் பாட்டிகள் சொன்ன கதைதான். எந்த வெளியிலிருந்தும் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை.

நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், நான் வேலை பார்க்கிற இடம் அப்படி. வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜை என்னுடையது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கை. கொல்கத்தா, அசாம், ஜார்க்கண்ட் என்று ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு வருவார்கள். கடைப் பலகையெல்லாம் வங்காளத்தில் எழுதியிருக்கிற தெருக்கள் இவை. நாள் வாடகை, மாத வாடகை, அறையிலேயே சமைத்துக்கொள்ள ஒரு அடுப்பு. ஆதார் நகல் வாங்கும்போதே கதை தொடங்கிவிடும். யாருக்கு உடம்பு, எந்த டாக்டர், ஊரில் எதை விற்றார்கள் என்று நம் தமிழிலும் அவர்கள் இந்தியிலுமாகப் பாதி கையாலேயே பேசி முடிப்போம். தினமும் காலையில் ரிசல்ட் வந்ததா என்று நான் கேட்பேன். ஒருநாள் கணக்கு முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

மேற்கு வங்கத்தில் மால்டா பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண். கிளம்பும்போது அந்த அம்மா குக்கரை ஒரு பையில் போட்டுக் கட்டி என் மேஜைமேல் வைத்து, மூணு மாசத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை இது இங்கேயே இருக்கட்டும் பாய்யா என்றார். சின்னக் குக்கர், மூன்று லிட்டர்தான் இருக்கும், கைப்பிடி உடைந்து துணி சுற்றியிருந்தது. இப்போதும் பரணில் இருக்கிறது. பெண்ணுக்குத் தேவலையாகி இனி வரவேண்டாம் என்று ஆகியிருக்கலாம். கொல்கத்தாவிலேயே வைத்தியம் கிடைத்திருக்கலாம். வேறு லாட்ஜில் வாடகை குறைவாக இருந்திருக்கலாம். இன்னொன்றும் இருக்கலாம்.

இதைத்தான் நான் கதையாக எழுதினேன். படித்த டீக்கடை நண்பர் கேட்டார்: "இன்னா சார், அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு? அத்த சொல்லாம உட்டுட்டியே." ரிஜிஸ்டரில் போன் நம்பர் இருக்கிறதே, கூப்பிட்டுக் கேட்டால் தீர்ந்தது என்றும் சொன்னார். பாக்கி இருந்தால் கூப்பிடலாம். பாக்கி இல்லை. போலீஸ் பார்ப்பதற்கென்று வாங்கி வைத்த நம்பரை என் கதைக்கு முடிவு தேடுவதற்காகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்போது உங்கள் ஏழாவது விதிப்படி நான் என்ன செய்ய வேண்டும்? பெண்ணைச் சாகடிக்க வேண்டும், அல்லது இரட்டைச் சடையோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியாத விஷயம். தெரியாததை எழுதிப் பரிசு வாங்கலாம். வாங்கினால் பரணைப் பார்க்க எனக்குக் கூசும்.

கற்பனைதானே, கதைக்கு எதற்கு இவ்வளவு உண்மை என்று உங்களில் ஒருவர் நினைக்கக்கூடும். கற்பனைக் கதையிலும் சொல்கிறவருக்குத் தெரிந்தது இவ்வளவு என்று ஒரு கோடு இருக்கிறது. என் கதையில் பேசுகிறவன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். மால்டாவில் நடந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

கண்டி ராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1815-இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டதோடு கண்டிக்காரருக்குக் கதை முடிந்துவிடும். நமக்கோ 1816-இல், அவனை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தபோதுதான் தொடங்குகிறது. 1832-இல் அவன் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. பிறந்தது, பிடிபட்டது, செத்தது எல்லாமே தெரியும். இதைவிட மூடிய முடிவு வேண்டுமா? ஆனால் கோட்டைக்குள் இருந்த அந்தப் பதினாறு வருஷம் அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் கதை எழுதுகிறவனுக்கு வேண்டியது, அதை எந்த மண்டபமும் சொல்லாது. ஒரு மரணப் படுக்கை வசனத்தை அவன் வாயில் திணித்து முடிக்கிறவருக்கு உங்கள் விதிப்படி முழு மதிப்பெண் கிடைக்கும். எனக்கு அது உறுத்துகிறது.

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழாவது விதியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: "சொல்பவருக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவும் கூடாது." கதவைத் தட்டியது யார் என்று தெரிந்தே மூன்று புள்ளி வைத்தவர் முதல் பாதியில் விழுவார். இரண்டாவது பாதியில் விழுகிறவர்கள் இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன்: கடைசிப் பத்தியில் வில்லன் திருந்துவது, லாட்டரி விழுவது, முப்பது வருஷப் பகை ஒரு காபியில் தீர்வது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். படித்து முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். மறைத்தவர் எங்கே மறைத்தார் என்று இரண்டாவது வாசிப்பில் தெரிந்துவிடும், ஏனென்றால் அந்த ஒரு இடத்தைச் சுற்றி மட்டும் வாக்கியங்கள் பூசி மெழுகியிருக்கும். தெரியாதவர் கதையில் அது இருக்காது. அவர் பார்த்ததையெல்லாம், உடைந்த கைப்பிடி வரைக்கும், கொட்டியிருப்பார்.

கடைசித் தேதிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. விதியை மாற்றினால் அறிவிப்பிலும் திருத்தி வெளியிடுங்கள், ஏற்கெனவே கதைக்கு வால் ஒட்டி அனுப்பியவர்கள் வெட்டி அனுப்ப வசதியாக இருக்கும். மாற்றாவிட்டாலும் என் கதை இருக்கிறபடியே வரும். தள்ளுவதாக இருந்தால், ஏழாவது விதிப்படி என்று எழுதித் தள்ளுங்கள். நன்றாக இல்லை என்று தள்ளினால் அது வேறு பேச்சு, அதற்கு நான் சண்டைக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு ஊழியன்,
வேலூர்