ஸ்வெரேவாவுக்கு அதிர்ஷ்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் விளையாட்டுத் துணுக்கில் வட்டு எறிதல் வீராங்கனை எல்லினா ஸ்வெரேவாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "சிட்னியில் அதிர்ஷ்டம் அடித்தது, 39 வயது ரஷ்யப் பாட்டிக்குத் தங்கம்!" ஆச்சரியக்குறி வேறு.

ரஷ்யாவில் பிறந்தவர்தான், சரி. ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவருக்காக ஏறியது பெலாரஸ் கொடி. உங்களுக்குத் தெரியாததா? அப்புறம் அந்த அதிர்ஷ்டம். அவர் எறிந்தது 68.40 மீட்டர். வெள்ளி வாங்கிய கிரேக்கத்தின் கெலெசிடூ 65.71தான் எறிந்தார். இரண்டரை மீட்டருக்கும் மேலே இடைவெளி விட்டு ஜெயிப்பதற்கு உங்கள் அலுவலகத்தில் அதிர்ஷ்டம் என்றா பெயர்?

அதிர்ஷ்டம்தான் எழுத வேண்டுமென்றால் 2001 எட்மண்டன் உலகத் தடகளப் போட்டியை எழுதியிருக்கலாமே. முதலில் வந்த ரஷ்யாவின் சடோவா, அப்போது தடையிலிருந்த காஃபினுக்கான சோதனையில் மாட்டிக்கொள்ள, தங்கம் ஸ்வெரேவாவுக்கு வந்தது. அப்போது அவருக்கு 40 வயது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக எறிந்தவர், 47 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச்சுற்றிலும் நின்றார். நடுவில் 1995 உலகத் தங்கம், அட்லாண்டா வெண்கலம். இதற்கெல்லாம் துணுக்கில் இடமில்லை, பாட்டிக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. வட்டு, ஆள்காட்டி விரலில் கடைசியாக உருண்டு கழன்றால்தான் தட்டையாகப் பறக்கும். கொஞ்சம் பிசகினாலும் தள்ளாடிக்கொண்டு பக்கத்திலேயே விழும். இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுற்றி அதைச் சரியாக விடுவதற்குப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் பிடிக்கும். வேலைக்கு வந்த புதிதில் ஆசிரியைகளுக்கான போட்டியில் பெயர் கொடுக்கப் போனேன். "கல்யாணமாகி, குழந்தையும் ஆயாச்சு, இன்னும் என்னம்மா தட்டு?" என்றார் பெயர் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெயரை எழுதவே இல்லை. அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் இப்போது அச்சடித்திருக்கிறீர்கள்.

38 வயதுக் கிரிக்கெட் வீரர் உங்களுக்கு 'அனுபவச் சிங்கம்'. பெண்களின் தடகள முடிவுகள் ராசிபலனுக்கு அடியில், அதுவும் இடம் மிஞ்சினால். ஒருமுறை வட்டு எறிதல் செய்திக்குக் குண்டு எறிபவர் படத்தைப் போட்டீர்கள். எழுதினேன். பதில் இல்லை. வேலைப்பளு இருந்திருக்கும், பாவம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 'ரஷ்ய' என்பதைப் 'பெலாரஸ்' என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். 'பாட்டி'யையும் எடுத்துவிட்டால் மகிழ்வேன். படமும் போடுவதாக இருந்தால், கையில் இருப்பது வட்டா குண்டா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடவும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்