நடைபாதையும் கழிப்பறையும் முதியோர் மருத்துவம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு ஒரு தேசிய மருத்துவமனையை 2024-ல் திறந்தார்கள், ரொம்ப நல்ல காரியம். ஆனால் அந்த மருத்துவமனைப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு பெரியவர் நன்றாக இருக்க வேண்டுமென்றால், அவர் தினமும் வீட்டைவிட்டு இறங்கி நாலு தெரு நடக்க வேண்டும், கீரை வாங்க வேண்டும், கோயிலுக்கோ பூங்காவுக்கோ போய் நாலு பேரிடம் பேச வேண்டும். நம் தெருக்கள் அதற்கு விடுகின்றனவா?

முதலில் கழிப்பறை. இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம், அதனாலேயே யாரும் எழுதுவதில்லை. எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெரியவர் கால் வீக்கத்துக்கு, அடிக்கடி சிறுநீர் போகவைக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர். பேங்க், பென்ஷன் வேலை என்று வெளியே கிளம்புகிற நாளில் அந்த மாத்திரையைத் தொட மாட்டார், காலையிலிருந்து தண்ணீரும் குடிக்க மாட்டார். கேட்டால், "வழியில எங்கப்பா போறது?" என்கிறார். பெண்கள் பாடு இன்னும் மோசம், பலர் கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், அந்த உடம்போடு மே மாத வெயிலில் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் நடந்தால் என்ன ஆகும்? மயங்கி விழுந்தால் வயசாகிவிட்டது என்று முடித்துவிடுகிறோம். இருக்கிற கழிப்பறைகளிலும் பாதி நேரம் பூட்டு தொங்குகிறது, இல்லையென்றால் ஏறிப்போக மூன்று படி, உள்ளே பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பிகூட இருக்காது.

அப்புறம் நடைபாதை. உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடக்கிற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறிமுறையே இருக்கிறது. ஆறு அங்குலம், அவ்வளவுதான். நிஜத்தில் முழங்கால் வலிக்காரர் கையை ஊன்றித்தான் ஏற வேண்டியிருக்கிறது, ஏறினால் அடுத்த வீட்டு கார் சரிவில் இறங்கி மறுபடி ஏற வேண்டும், நடுவில் டிரான்ஸ்பார்மர், பைக், ஜூஸ் கடை. சரி, ரோட்டிலேயே நடப்போம் என்று இறங்கிவிடுகிறார்கள், பின்னால் வண்டி வருவது காதில் விழுவதில்லை. ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

சாலையைக் கடப்பதும் இப்படித்தான். ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில்தான் பொதுவாக சிக்னல் நேரம் வைக்கிறார்கள். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற பாட்டிக்கு 15 மீட்டர் சாலையைத் தாண்ட 19 நொடி ஆகும், அந்தக் கணக்கில் கிடைப்பதோ 12, 13 நொடி. சிங்கப்பூரில் 2009-ல் சோதனையாகத் தொடங்கி, இப்போது பல சந்திப்புகளில் முதியவர் தன் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரிகிறது. அப்படி ஒன்றும் எட்டாத தொழில்நுட்பம் இல்லை இது.

இங்கே எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை மாநகரப் பேருந்தில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள், 2024-ல் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பேருந்துக்காக வெயிலில் நிற்கிறவருக்கு உட்கார ஒரு பெஞ்ச் வேண்டாமா? பல நிறுத்தங்களில் வழுக்கிவிடும் இரும்புக் குழாயைத்தான் இருக்கை என்று வைத்திருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் முதியோருக்கு உகந்த நகரங்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 33 நகரங்களில் முதியவர்களையே உட்காரவைத்துக் கேட்டு எழுதியது அது, நம் நாட்டில் டெல்லியிலும் உதய்ப்பூரிலும் கேட்டார்கள். அவர்கள் கேட்டவற்றிலும் உட்கார இடம், சுத்தமான கழிப்பறை, தடுக்காத நடைபாதை எல்லாம் இருந்தன.

உள்ளாட்சிகளுக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இனி எந்த வார்டில் நடைபாதை டெண்டர் விட்டாலும், அதற்கு முன் அந்த வார்டுப் பொறியாளரும் கவுன்சிலரும் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய நாலைந்து பேரோடு, அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும், அந்தத் தெருவை ஒரு காலை வேளையில் முழுக்க நடந்து பார்க்கட்டும். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே பெஞ்ச், எங்கே ரோட்டில் இறங்குகிறார்களோ அங்கே சரிவு என்று வரைபடத்தில் குறித்துக்கொண்ட பிறகு டெண்டர் விடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை