பார்க்க ஒன்றுமில்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிமலை மூடிய பழைய ரோமானிய ஊரான பொம்பெயி பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். வழியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையின் இடிபாடு வரும், அங்கே பார்க்க ஒன்றுமில்லை, நேராக மாளிகைகளுக்குப் போய்விடுங்கள் என்று கட்டுரையாளர் வாசகர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். மிக்க நன்றி. அப்பா காலத்திலிருந்து மெஸ் நடத்திப் பிழைக்கும் எங்களுக்கு, சாப்பாட்டுக் கடை என்பது பார்க்க ஒன்றுமில்லாத இடம் என்று இப்போதாவது தெரிந்ததே.

அவர் தாண்டிப் போன கடை எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஊரின் ஐந்தாம் வட்டாரத்தில் இரண்டு சந்துகள் கூடும் முனையில் இருக்கிறது. 2019-இல் பாதி தோண்டி, 2020 டிசம்பரில் முழுசாக வெளியே கொண்டுவந்து, 2021 ஆகஸ்டில் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். முனைக்கடைக்கு ஏன் வாடகை கூடுதல் என்று அறிந்தவன் அந்த இடத்தில் நின்றாலே பாதி கதை புரிந்துவிடும். இரண்டு பக்கக் கூட்டமும் கடையின் பரிமாறும் மேடை முன்னால்தான் வந்து நிற்கும். மேடையின் முகப்பில் தலைகீழாகத் தொங்கும் வாத்துகள், ஒரு சேவல், கழுத்துப்பட்டை கட்டிய நாய், கடல்குதிரை மேல் ஏறிப் போகும் கடல் தேவதை என்று படங்கள். நாய்ப் படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவனைத் திட்டிக் கெட்ட வார்த்தை கீறி வைத்திருக்கிறார்கள். உங்கள் பத்திரிகையில் அதை அச்சிட முடியாது. கடனைத் திருப்பிக் கேட்டதற்காகக் கழிவறைச் சுவரில் என் பெயரையும் இப்படி எழுதியிருக்கிறார்கள். அதையும் அச்சிட முடியாது.

மேடைக்குள் பதித்த தாழிகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் கிடைத்திருக்கிறது. திராட்சை மது இருந்த தாழியின் அடியில் அரைத்த அவரை இன விதை. ருசியையும் நிறத்தையும் சரிக்கட்டச் சேர்ப்பார்களாம். சரக்கு கொஞ்சம் மட்டமாக வந்த நாளில் எந்தக் கடைக்காரனும் செய்கிற வேலைதான்! கடையின் பின்பக்கம் கட்டிலில் படுத்திருந்த, குறைந்தது ஐம்பது வயதுள்ள ஒரு மனிதரின் எலும்புகளும் கிடைத்தன. கட்டுரையாளர் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர்தான் மாளிகைக்கு விரைந்துகொண்டிருந்தாரே.

எந்த மாளிகை என்பது அடுத்த கேள்வி. “பொம்பெயி மன்னர்களின் மாளிகை” என்று படத்தின் கீழே போட்டிருக்கிறீர்கள். அந்த ஊருக்கு எந்த மன்னர்? கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஊரை நடத்தியவர்கள் வருஷா வருஷம் தேர்தலில் ஜெயித்து வந்த இரண்டு பேர். அந்தத் தேர்தல் விளம்பரங்கள் சுவரெல்லாம் இருக்கின்றன. அபொண்டான்சா தெருவில் அசெலினா என்ற பெண்ணின் பெயரால் அறியப்படும் மதுக்கடையின் சுவரில், அவளும் அவளோடு இருந்த பெண்களும் இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டு எழுதிய வாசகங்கள் இருக்கின்றன. அவர்களுக்கோ ஓட்டே கிடையாது. அரசியல் தெரிய வேண்டுமென்றாலும் கடைக்குத்தான் போக வேண்டும் ஐயா.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. முன்பு ஒரு சிறப்பிதழில் எரிமலைக் குழம்பு ஓடிவந்து ஊரை மூடியதாக எழுதினீர்கள். குழம்பு ஊருக்குள் வரவே இல்லை. மூடியது நுரைக்கல்லும் சாம்பலும், பிறகு பாய்ந்து வந்த கொதிக்கும் வாயுவும்தான். “கல்லாய்ச் சமைந்த மனிதர்கள்” என்றும் எழுதினீர்கள். சாம்பலில் உடல் விட்டுப்போன வெற்றிடத்துக்குள் 1863-இல் ஃபியோரெல்லி என்ற தொல்லியலாளர் சாந்து ஊற்றி வார்த்த உருவங்கள் அவை. விளக்கமாகக் கடிதம் போட்டேன். நான்கு வரியாக வெட்டிப் போட்டீர்கள். அந்த நான்கில் ஃபியோரெல்லி இல்லை.

அப்புறம் மிளகு. நம் மிளகுக்காக ரோம் பொன்னைக் கொட்டியது என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது எழுதுகிறீர்கள். சரி, உண்மைதான். ஆனால் ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரி வெள்ளிக்காசு என்று விலை எழுதி வைத்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, இதே வெசுவியஸ் வெடிப்பில்தான் கடற்கரையில் செத்தார் என்பதைச் சொல்ல உங்களுக்கு இடம் இருப்பதில்லை. பொம்பெயியின் நகர வாசல் ஒன்றின் அருகே சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளின் சாக்கடையையும் கழிவுக்குழியையும் சலித்த அமெரிக்கக் குழுவுக்கு ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்பு கிடைத்தது. அதுவும் மாளிகையில் அல்ல.

நானும் குழுச் சுற்றுலாவில்தான் அங்கே போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இடிபாடுகளுக்கு ஒதுக்கியதைவிட வாசலில் இருந்த நினைவுப்பொருள் கடைக்கு அதிக நேரம் ஒதுக்கிய புண்ணியவான்கள். வழிகாட்டி கொடியை ஆட்டிக் கத்திக்கொண்டிருக்க, நான் அந்த மேடை முன்னால் நின்றேன். தாழிகளைத் தூக்கவும் முடியாது, கவிழ்த்துக் கழுவவும் முடியாது. ஆகவே அவற்றில் குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது என்று கட்டுரையாளர் எழுதியதைச் சமையல்காரன் எவனும் நம்ப மாட்டான். அவற்றில் உலர்ந்த பண்டங்கள்தான் இருந்திருக்கும் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காவிட்டால் போகிறது, பாத்திரம் தேய்க்கும் ஒரு பையனைக் கேட்டிருக்கலாம்.

என் கோரிக்கை சின்னது. கட்டுரையில் “2020-இல் கிடைத்த கடை” என்று போட்டிருக்கும் படம் அந்தக் கடையே அல்ல. அது அபொண்டான்சா தெருவில் வெட்டூடியஸ் பிளாசிடஸ் கடை. அதைத் தோண்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சுவரில் வீட்டுத் தெய்வங்களோடு வியாபாரத்துக்கு மெர்க்குரியும் மதுவுக்கு பாக்கஸும் இருப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது. ஒரு தாழியில் ஏறத்தாழ 3 கிலோ சில்லறை கிடைத்த கடை அது. அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். மன்னரையும் அப்படியே எடுத்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் மிளகுப் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், படக்குறிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் பழைய சந்தாதாரர்,
விருதுநகர்.