அம்மாவ படுக்க வைக்காதீங்கடி

ஏய் மஸ்கட்காரி,

எப்படி இருக்க, வீட்டுக்காரர், பசங்க எல்லாம் சௌக்கியமா? நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டுட்டேன், நடு ராத்திரில ஒண்ணு, விடியக்காலைல ஒண்ணு, எல்லாத்துலயும் ஒரே கேள்விதான், ஆஸ்பத்திரில இருந்து வந்த உங்கம்மாவுக்கு இன்னும் எத்தனை நாள் ரெஸ்ட் வேணும்னு. ஃபோன்ல சொன்னா நீ பாதிலயே அழ ஆரம்பிச்சிடுவ, அதான் என் பிசியோதெரபி கிளினிக்க மூடிட்டு உக்காந்து டைப் பண்றேன். பொறுமையா படி, படிச்சிட்டு உன் தம்பிக்கும் அனுப்பு.

அம்மாவுக்கு ரெஸ்ட் போதும்டி. இதுக்கு மேல படுத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அவங்க கால்ல இருந்துதான் கழியும்.

ஞாயித்துக்கிழமை தண்டையார்பேட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். ஜுரம் விட்டுடுச்சு, சளி அடங்கிடுச்சு, ரிவ்யூவுல டாக்டரே மெதுவா நடக்க விடுங்கன்னு சொல்லிட்டாராம். ஆனா கட்டில்ல இருந்து எழுந்திருக்கணும்னா ஜன்னல் கம்பிய ரெண்டு கைலயும் புடிச்சு இழுத்துதான் எழுந்திருக்காங்க. முட்டிக்குக் கீழ ஒரு துண்ட சுருட்டி வச்சு, தொடை மேல என் கைய வச்சுகிட்டு, துண்ட நல்லா அழுத்துங்கம்மான்னேன். அப்படி அழுத்தும்போது முட்டிக்கு மேல இருக்குற சதை கெட்டியா இறுகி எழும்பணும். அவங்க பல்ல கடிச்சிகிட்டு அழுத்துறாங்க, என் கைக்குக் கீழ லேசா துடிச்சிட்டு அப்படியே நின்னுடுச்சு. கல்மண்டபம் மார்க்கெட்டுல இருந்து ரெண்டு கைலயும் பை தூக்கிட்டு நடந்தே வருவாங்கல்ல, அந்தக் காலுடி அது.

உன் தம்பி பொண்டாட்டிய குறை சொல்லாத, தங்கமான பொண்ணு, சாப்பாடு கட்டிலுக்கே வருது, தண்ணி கட்டிலுக்கே வருது, பாத்ரூமுக்குப் போகக்கூட சக்கர சேர் வாங்கி வச்சிருக்காங்க. எல்லாம் பாசத்துலதான். ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் பண்ணும்போது குடுத்த பேப்பர்லயும் மாத்திரை பேரு வரிசையா இருக்கு, கடைசில நல்லா ரெஸ்ட் எடுக்கணும்னு ஒரு வரி, காலுக்கு என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை கூட இல்ல. இத நான் வீட்டுக்கு வீடு பாக்கிறேன்டி, ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டைன்னு எங்க போனாலும் இதே கதைதான், வியாதி சரியாயிடுது, ஆள் எழுந்திருக்க மாட்டேங்குறாங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னு சொல்றேன் கேளு. நல்லா இருக்குற ஒரு ஆளோட எடைல கிட்டத்தட்ட 40 சதவீதம் இந்த எலும்போட ஒட்டின சதைதான். அதுல இருக்குற புரோட்டீன உடம்பு தினமும் கொஞ்சம் உடைச்சுகிட்டு, கொஞ்சம் கட்டிகிட்டு இருக்கும். வேலை குடுத்தா கட்டுறது ஜாஸ்தி, வேலை இல்லன்னா கட்டுறது கம்மி. ஆள் இல்லாத ரூமுக்கு யாரு வாடகை குடுப்பா, அந்த மாதிரிதான், தேவைப்படாத சதைய உடம்பு வச்சிக்காது. 2007-ல அமெரிக்காவுல, நல்ல ஆரோக்கியமா இருந்த வயசானவங்கள வெறும் 10 நாள் படுக்க வச்சுப் பாத்தாங்க, கால்ல மட்டும் ஒரு கிலோ கிட்ட சதை போயிடுச்சு. அவங்களுக்கு எந்த வியாதியும் இல்ல, சும்மா படுத்திருந்தாங்க அவ்ளோதான். அம்மாவுக்கு இதோட ஜுரம் வேற, பசியின்மை வேற, மூச்சுத்திணறலுக்குக் குடுத்த ஸ்டீராய்டு மாத்திரை வேற. ஸ்டீராய்டு ரொம்ப நாள் போனா தொடை சதையயும் இடுப்பு சதையயும்தான் முதல்ல கரைக்கும். (அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, டாக்டர் சொன்னாதான் குறைக்கணும்.)

இத விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. 1966-ல டல்லஸ்ல 20 வயசு பசங்க 5 பேர 3 வாரம் படுக்கைலயே வச்சாங்க. அப்பால எழுப்பி ஓட விட்டுப் பாத்தா உடம்போட ஆக்சிஜன் உபயோகிக்கிற சக்தி கால்வாசிக்கும் மேல இறங்கிடுச்சு. அதே 5 பேர 30 வருஷம் கழிச்சு கூப்பிட்டு டெஸ்ட் பண்ணாங்க, இப்ப அம்பது வயசு ஆளுங்க, தொந்தி எல்லாம் வந்துடுச்சு. ஆனா அந்த 3 வார படுக்கைல இறங்கின அளவுக்கு இந்த 30 வருஷ வயசு இறக்கல. எனக்கு இத படிச்சப்ப தூக்கமே வரல. சந்தோஷமான பாதியையும் சொல்லிடுறேன், அவங்களுக்கு 6 மாசம் பயிற்சி குடுத்ததும், வயசால போன சக்தி திரும்பி வந்துடுச்சு.

அது ஆம்பளைங்க, சின்ன வயசுல திடமா இருந்தவங்க, எங்கம்மாவுக்கு எப்படி வரும்னு நீ கேப்ப. 1990-ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 86-ல இருந்து 96 வயசு வரைக்கும் இருந்த 10 பேர எடுத்தாங்க, எல்லாம் ரொம்ப தளர்ந்து போன ஆளுங்க. 8 வாரம், வாரத்துக்கு 3 நாள், சும்மா கைய கால ஆட்டுறது இல்ல, நல்லா கனமா வெயிட்ட காலால தூக்க வச்சாங்க. தொடை பலம் சராசரியா 174 சதவீதம் ஏறிச்சு. பயிற்சி குடுத்த டாக்டர் பேரு மரியா ஃபியாட்டரோன். உங்கம்மாவுக்கு 67 வயசுடி! அவங்க முன்னாடி இவங்க கொமரி.

அதே டாக்டர் 1994-ல 100 பேர வச்சு இன்னொண்ணும் பண்ணாங்க, இது உனக்குதான் முக்கியம். சில பேருக்கு வெயிட் பயிற்சி, சில பேருக்கு சத்து பானம், சில பேருக்கு ரெண்டும். பயிற்சி எடுத்தவங்களுக்கு பலம் ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு, பயிற்சி இல்லாம சத்து பானம் மட்டும் குடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஏறல. நீ அங்க இருந்து டப்பா டப்பாவா அனுப்புற புரோட்டீன் பவுடர் பீரோ மேல அடுக்கி வச்சிருக்கு. சாப்பாட்டுல புரோட்டீன் வேணும்தான், நான் இல்லன்னு சொல்லல, காலைல ரெண்டு இட்லி, ராத்திரி ரசம் சாதம்னு போனா சதை எத வச்சு வளரும், தினமும் முட்டை, மீன், பருப்பு இருக்கணும். காசிமேட்ல நெத்திலியும் சங்கராவும் கிடைக்கிற ஊர்ல இருந்துகிட்டு அம்மாவுக்கு கஞ்சி ஊத்திகிட்டு இருக்காங்க. ஆனா சாப்பிட்டது சதையா போகணும்னா அந்த சதை வேலை செஞ்சிருக்கணும்.

இப்ப மூச்சு விஷயம். நீ பயப்படுறது இதுக்குதான்னு தெரியும், நடந்தா மூச்சு வாங்குதே, நுரையீரல் கெட்டுப்போன ஆள நடக்க வைக்கிறது பாவம் இல்லையான்னு. அம்மா பீடி சிகரெட்ட தொட்டவங்க இல்ல, அத்தனை வருஷம் விறகடுப்புப் புகைல வெந்தவங்க, அந்தப் புகையே இந்த சி.ஓ.பி.டி.ய, அதான் மூச்சுக் குழாய் சுருங்கிப் போற இந்த நுரையீரல் வியாதிய, குடுக்கும். நுரையீரல்ல கெட்டது கெட்டதுதான், பயிற்சி அத சரி பண்ணாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வியாதி தொடை சதையயும் மாத்திடும். நம்ம சதைல ரெண்டு விதமான நார் இருக்கு, மெதுவா சுருங்கி ரொம்ப நேரம் தாங்குறது ஒண்ணு, சட்டுனு வேகமா சுருங்கி சீக்கிரம் களைச்சுப் போறது ஒண்ணு. இந்த வியாதிக்காரங்களுக்கு தொடைல அந்த தாங்குற நார்தான் குறைஞ்சு போகும். அதனால ரெண்டு படி ஏறினாலே சதை லாக்டிக் ஆசிட்ட கொட்டிடும், அத சமாளிக்க உடம்பு இன்னும் வேகமா மூச்சு விட சொல்லும், ஏற்கனவே வாங்குற மூச்சு இன்னும் வாங்கும். கால பழக்கினா அதே ரெண்டு படிக்கு ஆசிட் கம்மி, அப்ப மூச்சும் கம்மியா போதும். நுரையீரல் டெஸ்ட் ரிப்போர்ட் அப்படியேதான் இருக்கும், ஆனா நடக்குற தூரம் கூடும், திணறல் குறையும். புது நுரையீரலே வச்சவங்களுக்கும் காலு பலவீனமா இருக்கிறதால முழுசா நடக்க முடியறதில்லைன்னா பாத்துக்கோ.

சதைக்குள்ள என்ன மாறுதுன்னு முதல்ல பளிச்சுனு காட்டினவரு ஜான் ஹாலோஸி, 1967-ல எலிங்கள ட்ரெட்மில்ல மூணு மாசம் ஓட விட்டாரு. சதை செல்லுக்குள்ள ஆக்சிஜன வச்சு சக்தி தயார் பண்ற மைட்டோகாண்ட்ரியா இருக்குல்ல, அதோட என்சைம்கள் ரெண்டு மடங்கா ஆயிடுச்சு. அதோட சேர்ந்து சதைய சுத்தி சின்னச் சின்ன ரத்தக் குழாயும் கூடும். வெயிட் தூக்கினா வேற, அப்ப நார் தடிக்கும், பலம் வரும். எந்த வேலைய குடுக்குறோமோ அதுக்குத்தான் சதை தயாராகும். எங்கிட்ட முதுகு வலின்னு வர ஒரு கொத்தவால்சாவடி லோடுமேன் அண்ணன், மூட்டைய பூ மாதிரி தூக்குவாரு, எங்க கிளினிக் இருக்குற ரெண்டாவது மாடி ஏறி வரதுக்குள்ள மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். ராபின்சன் பார்க்ல தினமும் வாக்கிங் போற அக்காங்க நேர்மாறு, ஒரு மணி நேரம் பேசிகிட்டே நடப்பாங்க, தரைல உக்காந்தா எழுந்திருக்க ஆள் வேணும். நடந்தா போதும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல, அம்மாவுக்கு ரெண்டும் வேணும்.

அம்மாவோட சுகருக்கும் இதேதான்டி மருந்து. சாப்பிட்ட சர்க்கரைல பெரும் பங்க வாங்கி வச்சிக்கிறது சதைதான். சதை சுருங்கும்போது சர்க்கரைய உள்ள இழுக்குற குளூட் ஃபோர்னு ஒரு புரோட்டீன் செல்லோட மேல்பக்கம் வந்து நிக்கும், அதுக்கு இன்சுலின் தயவு கூட வேணாம். பயிற்சி முடிஞ்ச அப்பாலயும் ஒரு நாள், ரெண்டு நாள் வரைக்கும் சதை இன்சுலினுக்கு நல்லா பதில் சொல்லும், அப்பால பழையபடி ஆயிடும், அதனாலதான் ரெண்டு நாளைக்கு மேல கேப் விடக்கூடாதுன்னு நான் கத்துறது. இத எங்கயோ வெளிநாட்டுல மட்டும் பாக்கல, அப்ப நம்ம ராயபுரத்துல இருந்த சுகர் டாக்டர் ராமச்சந்திரன் டீம், சுகர் வர்ற நிலைமைல இருந்த 531 பேர வச்சு பாத்து 2006-ல வெளியிட்டாங்க. தினமும் நடை, சாப்பாட்டுல கட்டுப்பாடு, இத செஞ்சவங்களுக்கு சுகர் வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சுது, மெட்ஃபார்மின் மாத்திரைக்கு 26.4. அதுலயும் எடை பெருசா ஒண்ணும் குறையாமலே. தராசு முள்ளு நகரலன்னு மனசு விடுறவங்க கிட்ட எல்லாம் நான் இததான் சொல்றேன். உனக்கும் சேத்துதான் சொல்றேன், போன வருஷம் பார்டர்ல இருக்குன்னியே, இப்ப எவ்ளோ இருக்குன்னு எழுது.

சரி, அம்மாவுக்கு என்ன பண்ணப் போறேன்னு சொல்லிடுறேன். கைப்பிடி இருக்குற சேர், செவுத்து ஓரமா. அதுல இருந்து எழுந்து உக்காரணும், முதல்ல கைய ஊனிகிட்டு, அப்பால கை இல்லாம. எழும்போது மூச்ச வெளிய விடணும், தம் கட்டக்கூடாது. உக்காந்தபடி கால நீட்டி நேரா தூக்கணும், அதுக்கு கணுக்கால்ல நான் அரை கிலோ மணல் பை கட்டுவேன், சுலபமா ஆயிடுச்சுன்னா ஒரு கிலோ. சுலபமா இருக்குற வெயிட்லயே நின்னுட்டா சதையும் அங்கயே நின்னுடும். அப்பால ஹால்ல கொஞ்சம் நடை, நின்னு நின்னு. விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மெஷின் இருக்குல்ல, அது 88-க்குக் கீழ போனா உக்கார வச்சிடணும், நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா நிறுத்திட்டு டாக்டர கூப்பிடணும், மறுபடி ஜுரம் வந்தா அது விடுற வரைக்கும் பயிற்சி கிடையாது. சுகர் மாத்திரை போடுறதால பக்கத்துல சர்க்கரை தண்ணி இருக்கட்டும். அப்புறம் முதல் சில வாரத்துல தொடை தடிக்கலையேன்னு தம்பி டேப் வச்சு அளக்க வேணாம். முதல்ல ஏறுற பலம் நரம்பால வர்றது, மூளை இன்னும் நிறைய நார வேலைக்குக் கூப்பிட கத்துக்கும். சதை வளர்றது அதுக்குப் பின்னாடி, நிதானமா.

நீ பண்ண வேண்டியது இதுதான். தம்பிய கூப்பிட்டு, அந்தக் கட்டில் ரொம்ப தாழ்வா இருக்கு, நாலு காலுக்குக் கீழயும் ஒவ்வொரு செங்கல் வச்சு தூக்கச் சொல்லு, பாத்ரூம் செவுத்துல ஒரு கம்பி அடிக்கச் சொல்லு, சக்கர சேர மாடில போட்டுடச் சொல்லு. சாப்பாடு இனிமே ஹால்லதான், அம்மாவே நடந்து வந்து சாப்பிடணும். மருமக மனசு கஷ்டப்படாம நீயே அவகிட்ட தனியா பேசு, நான் சொன்னா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கும். அம்மா முனகுவாங்க, உங்கிட்ட ஃபோன்ல கம்ப்ளைண்ட் பண்ணுவாங்க, இவ என்ன கொடுமைப்படுத்துறான்னு. அப்ப நீ உருகிடாத, செய்யும்மான்னு சொல்லு.

புதன்கிழமை சாயந்திரம் மணல் பையோட போறேன், அதுக்குள்ள செங்கல் வச்சிருக்கணும். பவுடர் இனிமே அனுப்பாத.

உன் ராயபுரத்துக்காரி