தறியும் பெருவிரல் நோவும்

ஆசிரியருக்கு,

மருதமுனையில் 30 வருடமாகக் கைத்தறி நெய்கிறேன். தறிக் கயிற்றை இழுத்து இழுத்து வலது பெருவிரலின் அடிமூட்டு வீங்கி, தேங்காய் துருவக்கூட முடியாமல் போனது. மஞ்சள் பத்து, நொச்சி இலை ஒத்தணம், நல்லெண்ணெய் என்று ஒன்றையும் விடவில்லை. சூட்டுக்கு நோவு தணியும். மறுநாள் தறியில் குந்தினால் பழையபடிதான். நரம்பு பிசகு என்று ஒருவர் அழுத்தி உருவியதில் (நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்!) வீக்கம் கூடியதுதான் மிச்சம். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆற மாதக்கணக்காகும் என்று பிறகுதான் டொக்டர் விளக்கினார். பெருவிரலைப் பட்டி போட்டு அசையாமல் வைத்து 6 கிழமை ஓய்வு கொடுத்தேன். இப்போது பரவாயில்லை. ஒத்தணத்தைக் குறைசொல்லவில்லை, இன்றைக்கும் இரவில் வைக்கிறேன். ஆனால் நெய்த அளவுக்கே கூலி வாங்கும் எங்களுக்கு அந்த 6 கிழமையும் அடுப்பு எப்படி எரியும்? இதற்கொரு கொடுப்பனவு பற்றி அதிகாரிகள் யோசிக்கக் கூடாதா?

நெசவாளி ஒருத்தி,
மருதமுனை